வீட்டைத் தூக்கிய அத்தான்

அக்கா வீட்டிலிருந்து விடிந்தும் விடியாமலும் போன் வந்தால், இராஜபாளையத்தில் ஏதோ ஒரு தெருவில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று பொருள். கடந்த சில ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வைத்திருப்பது பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. "கழிப்பறையில் துணி போடாதீர்", "மழைநீரை இதில் விடாதீர்" என்றெல்லாம் அத்தான் என்னிடம் பலகை அடித்து வாங்கி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். போன வாரம் அந்த நேரத்தில் அக்காவின் பெயர் போனில் ஒளிர்ந்தபோது, தூக்கக் கலக்கத்தில் நான் வழக்கம்போலத்தான் கேட்டேன்.

"என்னக்கா, எங்க அடைப்பு?"



"நெஞ்சுலயாம்லே. டாக்டர் இப்பத்தான் சொன்னாரு. அத்தான் போயிட்டாவ."

வண்டியை எடுத்துக்கொண்டு இராஜபாளையம் போய்ச் சேரும் வரை, அந்தக் கேள்வியைக் கேட்ட என் வாயை நானே திட்டிக்கொண்டு போனேன். ஆனால் அத்தான் அதைக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார். சிரிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவர் இறந்தார். கற்றுக்கொடுத்தது ஒரு சாக்கடைக் குழாய். அந்தக் கதையை, அவரை அறிந்தவர்களுக்கு நினைவூட்டவும் அறியாதவர்களுக்குச் சொல்லவும் இதை எழுதுகிறேன்.

என் அக்கா புஷ்பத்தின் கணவர் திரு. ஆரோக்கியசாமி, இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜும் தயாரிக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்திவந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மடிப்புக் கலையாத கைக்குட்டை. வெளியில் யாரையும் ஒருமையில் பேசியதில்லை. பட்டறை வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் அங்கிட்டுப் போங்க" என்றுதான் சொல்வார். நாயும் எழுந்து போகும்.

அத்தனை மரியாதைக்கும் அடியில் ஒரு கூச்சம் இருந்தது. உடம்பு சம்பந்தப்பட்ட எந்தச் சொல்லும் அவர் வாயில் வராது. கக்கூஸ் என்ற சொல்லை அவர் உச்சரித்து யாரும் கேட்டதில்லை. "பின்பக்கம்" என்பார். அதையும் மெதுவாகத்தான் சொல்வார். பட்டறையில் வேலை பார்க்கும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை கட்டிக்கொடுத்தவர், அதன் கதவில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ரோஜாப்பூ ஒன்றை வரையச் சொல்லிவிட்டார். துணி வாங்க வந்த வெளியூர் வியாபாரி ஒருவர் அதை ஜெப அறை என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்.

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றும் இந்தக் கூச்சம்தான் அவரைப் படுத்தியது. அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். அப்புறம் எலுமிச்சைச் சாறு, அப்புறம் மோர். மறுப்பது மரியாதையில்லை என்று எல்லாவற்றையும் குடித்துவிட்டார். நேரம் ஆக ஆக முகத்தில் வியர்வை. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. திடீரென்று எழுந்து நின்று, "பிடிச்சிருக்கு, எல்லாம் பிடிச்சிருக்கு, சீக்கிரம் முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி பஸ் நிலையத்தைப் பார்த்து ஓடினார். அந்த ஓட்டத்தை நாங்கள் எல்லாரும் அக்காவின் மேல் வந்த ஆசை என்றே எடுத்துக்கொண்டோம். கல்யாணம் ஆகிப் பல மாதங்களுக்குப் பிறகுதான் அக்காவிடம் உண்மையைச் சொன்னாராம். பஸ் இராஜபாளையம் சேரும் வரை கண்ணை மூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

கொஞ்ச காலத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டினார். மாடி இல்லாத, நல்ல கனமான வீடு. கட்டிய புதிதில் தெருவிலிருந்து படியேறித்தான் உள்ளே போக வேண்டும். பிறகு தெருவில் ரோடு போட்டார்கள். அது பெயர்ந்ததும் அதன் மேலேயே இன்னொன்று போட்டார்கள். ஒவ்வொரு ரோடும் ஒரு படியை விழுங்கியது. படிகள் தீர்ந்தபின் வாசல் தெருவுக்குச் சமமானது. அதற்கப்புறம் வந்த ரோட்டில் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. விருந்தாளிகள் தெருவிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வரவேண்டியதாயிற்று.

"வீடு தாழல மாப்பிள்ளை," என்பார் என்னிடம். "ரோடுதான் வளர்ந்துட்டு."

மழை வந்தால் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வரும். பின்னால் இருந்த செப்டிக் டேங்க் நிரம்பிவிடும். போக வேண்டியது போகாது. போனதும் திரும்பி வரும். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியும் துடைப்பமுமாய் நிற்பாள். அத்தான் எனக்குப் போன் செய்து, "பின்பக்கம் கொஞ்சம் சங்கடமா இருக்கு" என்பார். அதுதான் அவர் அதிகபட்சமாகச் சொல்லக்கூடியது.

ஆகவே அவர்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தபோது அத்தானுக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தெருவைத் தோண்டிக் குழாய் பதித்தவர்களுக்குப் பட்டறையிலிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் சிறிய தொட்டி ஒன்றைக் கட்டி, சேம்பர் என்று சொல்லி மூடிபோட்டுவிட்டுப் போனார்கள். இனி வீட்டுக் குழாயை அந்தச் சேம்பரில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வேலைக்குப் பிளம்பர் மாடசாமி வந்தார். நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைத் தெருச் சேம்பரிலும் மறுமுனையைக் குளியலறையிலும் பிடித்து மட்டம் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, தெருச் சேம்பர் ஒசரத்துல கெடக்கு. நம்ம கக்கூஸ் பீங்கான் பள்ளத்துல கெடக்கு. இதைச் சேத்தா நம்மளது அங்க போவாது. ஊராருது இங்க வரும்."

அன்று நானும் அங்கே இருந்தேன். அத்தானின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. ஊராருடையது என்றால் என்ன என்பதை அவர் மனத்துக்குள் ஒவ்வொரு வீடாக எண்ணிப்பார்த்திருக்க வேண்டும்.

தொட்டி கட்டி மோட்டார் வைத்து மேலே ஏற்றலாம் என்று மாடசாமி ஒரு யோசனை சொன்னார். கரண்டு போனால் என்ன ஆகும் என்று அத்தான் கேட்டார். மாடசாமி அடுத்த யோசனைக்குப் போனார். கழிப்பறையை மட்டும் உயரமாகக் கட்டிவிட்டால் வாட்டம் கிடைத்துவிடும். தண்ணீர் தானாகச் சரிந்து போகும். அத்தானுக்கு அது பிடித்துவிட்டது.

கட்டி முடித்தபின் போய்ப் பார்த்தேன். குளியலறையின் மூலையில் செங்குத்தாகப் படிகள் ஏறின. அவற்றின் உச்சியில், கூரைக்குப் பக்கத்தில், பீங்கான் வீற்றிருந்தது. கோயில் பிரசங்க மேடை மாதிரி இருந்தது. தண்ணீர் நன்றாகவே போனது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால், காற்றுக்காக வைத்திருந்த சின்ன ஜன்னலுக்கு நேராக முகம் வந்துவிடும். ஜன்னலோ பக்கத்துச் சந்தைப் பார்த்து இருந்தது.

வாழ்நாள் முழுக்க அந்த இடத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் வாழ்ந்த மனிதரைப் பார்த்து, தினமும் காலையில் சந்தில் போகிறவர்கள் எல்லாரும் வணக்கம் வைத்தார்கள்.

"வணக்கம் மொதலாளி! இன்னைக்குப் பட்டறை உண்டுமா?"

வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. "வணக்கம். உண்டு. செத்த நேரத்துல வாரேன்" என்று உட்கார்ந்தபடியே பதில் சொல்வார். பால்காரரும் தபால்காரரும் அவரை அங்கேயே பார்த்துப் பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். திரை கட்டச் சொல்லி அக்கா கத்தியபோது, தம் பட்டறைத் துணியையே எடுத்துக் கட்டினார். காஸ் துணி வழியாகக் காற்று நன்றாக வந்தது. ஆளும் நன்றாகத் தெரிந்தார்.

இதையெல்லாம் சொல்லி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நாள்களில், அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு முழங்கால் வலி. அந்தப் படிகளில் ஏறுவதென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஏற வேண்டும். முடியாத நாள்களில் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாவிடம் போவாள். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம் அது. அந்த அம்மாள் எந்த நேரத்திலும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் இந்த வயதில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது அக்காவுக்குக் குன்றலாக இருந்தது. அத்தானிடம் சொல்ல நினைத்தால், அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருநாள் இறங்கும்போது ஈரப்படியில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்தது. முழங்காலில் ஆழமான காயம். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அத்தான் தினமும் மாலையில் பஸ் ஏறி வருவார். முதல் நாள் அவள் முழங்கால் கட்டைத் தடவிப் பார்த்து, "இது நம்ம துணி இல்லயே" என்று வருத்தப்பட்டார். மறுநாளிலிருந்து தம் பட்டறைச் சுருளைக் கொண்டுவந்து, தாமே அவிழ்த்து, தாமே கட்டினார். கட்டும்போது மெதுவாகக் கேட்பார்.

"எப்ப வீட்டுக்கு வார, புஷ்பம்?"

அதைக் கேட்டு நான் ஆச்சரியப்பட்டேன். உலகத்திலேயே அக்கா ஒருத்தியிடம்தான் அவர் ஒருமையில் பேசுவார் என்று அன்றுதான் தெரிந்தது.

"அது தரையில இருந்தா வாரேன்."

"எது?"

"எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அத்தான் என்னைப் பார்ப்பார். என் மனைவியைப் பார்ப்பார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் போன பிறகு அக்கா பொருமுவாள்.

"அந்தப் பேரைச் சொல்லாமலே என்கூட இம்புட்டு வருசம் குடும்பம் நடத்திட்டாவ. வாயால சொல்ல முடியாதவிய அதை எப்பிடிலே சரி பண்ணுவாவ? நான் எம்புட்டுக் கஷ்டப்பட்டேன்னு அவியளுக்குத் தெரியுமா? கேட்டாத்தானே தெரியும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தோம். அத்தான் மெலிந்துகொண்டே போனார். வேட்டியில் கறை தெரிந்தது. ஆலங்குளத்தில் இருக்கும் அவருடைய தம்பி என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வேறு ஏதோ பெரிய விஷயத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எங்கள் பங்குச் சாமியார் அக்காவை நலம் விசாரிக்க வந்திருந்தார். என் மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். பக்கத்து வீட்டார் இரண்டொருவரும் இருந்தார்கள். அப்போது அத்தான் வேகமாக உள்ளே வந்தார். சாமியாருக்கு ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. நேராக அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"புஷ்பம், கக்கூஸைக் கீழ எறக்க முடியாது. எறக்குனா வாட்டம் கெடைக்காது. அதனால வீட்டை மேல தூக்கப் போறேன்."

சாமியாரின் கையில் காபித் தம்ளர் அப்படியே நின்றது.

"என்ன சொன்னிய?" என்றாள் அக்கா.

"ஜாக்கி வச்சு வீட்டைத் தூக்குதாங்க. ஆளுங்களப் பார்த்துப் பேசிட்டு—"

"அதுக்கு முன்னால என்ன சொன்னிய?"

அத்தான் கூடத்தில் இருந்த எல்லாரையும் பார்த்தார்.

"கக்கூஸு," என்றார்.

கை முறிந்து வந்ததிலிருந்து அக்கா சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் சாமியார் சிரித்தார். கடைசியில் அத்தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குப் புதுச் சட்டை போலக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

வீட்டைத் தூக்குகிற ஆள்கள் லாரி நிறைய ஜாக்கிகளோடு வந்து இறங்கினார்கள். கார் டயர் மாற்ற வைப்போமே, அதே மாதிரிதான், பெரியது. சுவரின் அடியைத் தோண்டி, இரும்புச் சட்டம் கொடுத்து, அதற்குக் கீழே வரிசையாக ஜாக்கிகளை வைத்தார்கள். மேஸ்திரி விசில் ஊதினால் எல்லா ஜாக்கியையும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு திருக வேண்டும். வீடு ஒரு மயிரிழை மேலே போகும். மறுபடி விசில்.

ஊரே பார்க்க வந்தது. சுந்தரபாண்டியத்தில் இருந்து அத்தானின் உறவுக்காரர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வேன் பிடித்து வந்தார்கள். சுண்டல் வண்டிக்காரர் ஒருவர் எதிரே நிரந்தரமாகக் கடை போட்டார். அக்கா லட்சுமியம்மா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே ஆள் இருக்கலாம், ஒன்றும் ஆகாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். யாரும் அதை நம்பவில்லை. அத்தான் நம்பினார். அல்லது, வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு அடியில் கிடக்கும்போது தாம் மட்டும் வெளியே நிற்பது மரியாதையில்லை என்று நினைத்தார். முன்னறையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, சலவைச் சட்டையோடு உட்கார்ந்துகொண்டார்.

"ஏமண்டி, தலையில விழுந்துரப் போவுது! வெளிய வாங்க!" என்று லட்சுமியம்மா கத்தினார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல லட்சுமியம்மா," என்றார் அத்தான் ஜன்னல் வழியாக. "நீங்கதான் எறங்கிக்கிட்டே போறீங்க."

தெருவே சிரித்தது. அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மதியத்துக்கு மேல் திடீரென்று உள்ளே இருந்து ஒரு சத்தம். ஏதோ பெரிதாக உடைந்த சத்தம். விசில் நின்றது. சுண்டல் வண்டிக்காரர்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு அக்கா ஓடினாள். படியேற முடியாத முழங்காலோடு தெருவில் இறங்கி, மண்மேட்டில் ஏறி ஓடினாள்.

"ஏங்க! ஏங்க!"

ஜன்னலில் அத்தானின் முகம் தெரிந்தது. முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல புஷ்பம். ஊறுகா ஜாடி. நான் நல்லாருக்கேன்."

அக்கா மூச்சு வாங்கினாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"எந்த ஜாடி?"

"மாங்கா."

"போச்சு," என்றாள் அக்கா. அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்து அழுதாள். மாங்காய் ஊறுகாய்க்காக அழுகிறாள் என்று நினைத்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு கிண்ணம் கொண்டுவருவதாகத் தேற்றினார்கள்.

வேலை முடிந்தபோது வீடு தெருவுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. புது அஸ்திவாரம் கட்டினார்கள். பிரசங்க மேடையை இடித்துப் பீங்கானைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாடசாமி மறுபடியும் டியூபோடு வந்து மட்டம் பார்த்து, இந்த முறை தலையைச் சொறியாமல் குழாயைச் சேர்த்தார். வாசலில் படிக்குப் பதிலாக, அக்கா நடந்து ஏறுவதற்குச் சரிவு ஒன்றைக் கட்டி, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் வைத்தார் அத்தான்.

தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். தெருச் சேம்பரின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விடச் சொன்னார் மாடசாமி. சேம்பரில் நீலத் தண்ணீர் வந்தால் வழி சரி. தெருக்காரர்கள் மூடியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். லட்சுமியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளேயிருந்து அத்தானின் குரல் வந்தது.

"ஊத்திட்டேன்!"

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஒன்றும் வரவில்லை. மாடசாமிக்கு வியர்த்தது.

"வந்துட்டு!" என்று யாரோ கத்தினார்கள். "நீலமா வந்துட்டு!"

கைதட்டல் தெரு முனை வரை கேட்டது. அத்தான் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, வாசலில் நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். ஏதாவது பேசச் சொல்லிக் கேட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாருக்கும் நன்றி. இனி நம்மளது அங்க போவும். ஊராருது இங்க வராது."

அதற்குப் பிறகு அவர் வேறு மனிதர். அடக்கிவைத்த பேச்செல்லாம் வெளியே வந்தது. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்பவர்களிடம் சத்தமாக வாட்டம் பற்றிப் பேசுவார். உறவில் ஒரு நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டாரிடம் வேலை, படிப்பு எதையும் விசாரிக்காமல், "உங்க வீட்டுக் கக்கூஸ் தெருவுக்கு மேலயா கீழயா?" என்று கேட்டு அக்காவிடம் கிள்ளு வாங்கினார். புதிதாக இணைப்பு எடுக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் நின்றார். சில யோசனைகள் தவறாகவும் இருந்தன. அதற்காக யாரும் அவரைக் கூப்பிடாமல் இருந்ததில்லை.

தெருவில் முதல் அடைப்பு வந்தபோது அவர்தான் முன்னால் நின்றார். "யாரோ துணியப் போட்டிருக்கீங்க. இது நம்ம எல்லாருக்குமான குழாய்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடைப்பு எடுக்கும் வண்டி வந்தது. மேன்ஹோலுக்குள் தண்ணீரைப் பீய்ச்சியதும், வெள்ளையாக ஒரு துணி நுனி தெரிந்தது. இழுத்தார்கள். வந்துகொண்டே இருந்தது. நல்ல நெசவு, எங்கேயும் அறுபடவில்லை. எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அக்கா முழங்காலில் கட்டியிருந்த பழைய சுருள் எப்படியோ உள்ளே போயிருக்கிறது. அன்று மாலை வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்தார்கள், மறுக்காமல் குடித்தார். இந்தத் தடவை நடுவில் ஒரு வீட்டில், "கக்கூஸ் எங்க இருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டாராம்.

அவரைப் பற்றி எத்தனையோ சொல்லலாம். ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது. குழாய் வேலைகள் முடிந்து மறுபடி ரோடு போட ஆள்கள் வந்தபோது, அவர் தெரு நடுவில் நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்துவிட்டார். ரோடு உருளை இயந்திரம் அவர் எதிரில் நின்றது. வேலையை நடத்தியவர் இறங்கி வந்தார்.

"ஐயா, எந்திரிங்க. உங்க வீடுதான் ஒசந்துட்டே. உங்களுக்கு என்ன?"

"லட்சுமியம்மா வீடு ஒசரலயே," என்றார் அத்தான். "நீங்க தாராளமாப் போடுங்க. மொதல்ல பழசைச் சுரண்டிட்டுப் போடுங்க. அம்புட்டுத்தான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வந்தவருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். பேச்சு மதியம் வரை போனது. லட்சுமியம்மா தம் நாற்காலியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மாடசாமி, பிறகு நான், பிறகு தெருவில் பாதிப் பேர். கடைசியில் பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட்டார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் லட்சுமியம்மா வீட்டு வாசற்படி வெளியே தெரிகிறது.

போன வாரம், அதிகாலையில் எழுந்து தண்ணீர் குடித்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "செத்த நேரம் படுக்கேன் புஷ்பம்" என்று சொன்னாராம். அவ்வளவுதான்.

அன்று வந்த கூட்டத்தில் வீடு நிறைந்தது. பட்டறைப் பெண்கள், பஞ்சாலைக்காரர்கள், கோயில் சபையார், அத்தான் யோசனை சொல்லிக் கெட்டவர்கள், நன்மை அடைந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். முந்தைய நாளும் அன்றும் மழை வேறு. தண்ணீர் தெருவோரமாய் ஓடியது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த வயதான பெண்கள் துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கி நின்றபோது, அழுது வீங்கிய கண்களோடு அக்காதான் ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள்.

"கூச்சப்படாம பின்னால போங்க. கீழதான் இருக்கு. படி கெடையாது."

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபின், பொழுது சாயும் நேரத்தில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கழிப்பறைக் கதவைத் திறந்தவள், உள்ளே போகாமல், பழக்கத்தில் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, உள்ள போறேன்."

கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் விழுந்து, வீடு திரும்பிய நாளிலிருந்து, அவள் உள்ளே போனால் அத்தான் கதவுக்கு வெளியே, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருப்பாராம். அவள் வெளியே வரும் வரை அவ்வப்போது தொண்டையைச் செருமுவாராம், தாம் அங்கேதான் இருப்பது தெரிவதற்காக. எனக்கு அவள் அதை அன்றுதான் சொன்னாள்.

நான் போய் நின்றேன்.

"போக்கா. நான் இருக்கேன்," என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தான், நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டு நின்ற சுவரில் ஒன்றுமே இல்லை. சுண்ணாம்பு மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றிருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. எங்கேயும் தங்காமல் போயிற்று. நான் தொண்டையைச் செருமினேன். நிம்மதியாகப் போய்ச் சேருங்கள்.